முழங்கால் அளவு புல்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒரு காலத்தில் ஒரு சின்னப் பயம் உண்டு. அண்ணன் வருவாரா மாட்டாரா என்ற பயமில்லை. வருவார், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். மாப்பிள்ளை விரலில் மோதிரம் போடுவாரா, கையில் படத்தைக் கொடுப்பாரா என்பதுதான் பயம். பெரும்பாலும் படம்தான் வந்தது. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கட்டி, அண்ணன் தன் கைப்பட வரைந்த படம். மாப்பிள்ளை வீட்டார் மேடையில் சிரித்தபடி வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். இறங்கிய பிறகு, இதை எந்த ஆணியில் மாட்டுவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள்.

அண்ணன் என்றால் ராசாங்கம். இரண்டு தடவை மந்திரி, ஒரு தடவை எம்.பி. சட்டசபையில் அவர் எழுந்து நின்றால் எதிர்வரிசைக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள் என்று பேர். கூலிக்குக் களை வெட்டிய வீட்டில் பிறந்தவர். கட்சியில் சேர்ந்த புதிதில் அவரிடம் இருந்த ஒரே தகுதி, சுவரில் சின்னம் வரையத் தெரிந்ததுதான். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையும் ஒரு வாளி நீலமுமாகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர், அப்படியே மேடை ஏறி, கோட்டை வரைக்கும் போய்விட்டார். ஆனால் மட்டையைக் கீழே வைக்கவில்லை. மட்டை பிரஷ் ஆயிற்று, சுவர் பலகை ஆயிற்று, அவ்வளவுதான். மந்திரியாக இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காவலுக்கு வரும் போலீஸை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஏதாவது ஓர் ஏரிக்கரையிலோ முந்திரிக் காட்டிலோ போய் உட்கார்ந்துவிடுவார்.

அவர் படங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். வாரம் முழுக்க மனுவும் கையுமாகச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவருக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது ஆளில்லாத இடம் வேண்டியிருந்தது போலும். ஏரி, குன்று, பருத்திக் காடு, சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறை, ஒன்றிரண்டு மாடு. வேறெதுவும் அவர் வரைந்து யாரும் பார்த்ததில்லை.

இந்தப் படங்களோடு கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி அம்சவள்ளி. "ஏங்க, உங்க டர்பன்டைன் நாத்தம் என் ரசத்துல ஏறுதுங்க" என்பது அவளுடைய நிரந்தரக் கோரிக்கை. ஊர் மனுவையெல்லாம் படித்த மந்திரி அந்த ஒரு மனுவை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. அவளும் விடாமல் திட்டிக்கொண்டே அவர் பிரஷ்களைக் கழுவி வைப்பாள், வெயிலில் வரையப் போனால் கூடவே போய்க் குடை பிடிப்பாள்.

எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் படம் போக வேண்டும் என்பதும் அவள் முடிவுதான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். மாவட்டப் பொறுப்பில் இருப்பவர் வீடென்றால் பெரிய படம், ஒன்றியம் என்றால் நடுத்தரம், கிளைக் கழகம் என்றால் சின்னது. படத்துக்குள் ஏரி இருக்கிறதா எருமை இருக்கிறதா என்றெல்லாம் அவள் பார்த்தவளில்லை. கையை விரித்துச் சாண் போட்டு அளப்பாள், காகிதம் சுற்றுவாள், சணலை இறுக்கிக் கட்டுவாள். கட்சியில் மரியாதைக் குறைச்சல் என்று யாரும் மூக்கைச் சிந்தாமல் இத்தனை வருஷம் ஓடியதற்கு அம்சவள்ளியின் சாண் ஒரு முக்கியமான காரணம்.

எல்லாம் எண்பதாவது பிறந்தநாளில் கெட்டது. மாவட்டச் செயலாளர் அறிவழகன், அண்ணனுக்காக உயிரையும் கொடுக்கிற ஆள், சால்வை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, இந்தத் தடவை ஓவியக் கண்காட்சி என்று அறிவித்தான். ராசாங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த நல்ல படங்களையெல்லாம் தானே பொறுக்கி, தன் வேட்டி முனையாலேயே துடைத்து, வேனில் ஏற்றிவிட்டார். "ஆயுசுல மொத தடவையா எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிப் பாக்கப் போறேன் அம்சா" என்று இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரம்பலூரில் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், சுவர் முழுக்க ஃபிளக்ஸ். அவர் படங்கள்தான், ஆனால் ஆள் உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் வானத்தில் ராசாங்கத்தின் முகம் கும்பிட்டபடி சிரித்தது. வெங்காயப் பட்டறைக்கு மேல் ஒரு முகம். முந்திரிக் காட்டில் சூரியன் இருந்த இடத்தில் ஒரு முகம். ஏரிப் படத்தில் வானத்தில் ஒன்றும், அதற்கு நேர் கீழே தண்ணீரில் தலைகீழாக இன்னொன்றும். ஃபிளக்ஸ் கடைக்காரர் கடமையில் குறை வைக்கவில்லை.

"அண்ணே, ஒரிஜினல் எல்லாம் கொஞ்சம் சின்னதா, மங்கலா இருந்துச்சுங்க. பின்னாடி ரூம்ல பத்திரமா இருக்கு" என்றான் அறிவழகன், முகம் பூரித்து. "வெறும் ஏரியா இருந்தா ஜனங்களுக்கு என்னங்க புரியும்? அதான் உங்க மொகத்தையும் சேத்துட்டோம்."

ராசாங்கம் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்றார். வந்த சால்வைகளையும் வாங்கிக்கொண்டார், வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் டப்பா, பிரஷ், பலகை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, ஏணி போட்டு, தானே பரண் மேல் ஏற்றி வைத்தார்.

அம்சவள்ளி பயந்துபோனாள். எண்பது வயதில் ஏணி ஏறினாரே என்பதற்காக மட்டும் இல்லை. "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. போதும்னு வச்சிட்டேன்."

"அந்தப் பய ஏதோ ஆசைல பண்ணிட்டான். அதுக்குப் போயி..."

"அவன் மேல என்ன தப்பு? அவன் கண்ணுக்குத் தெரிஞ்சதத்தானே போட்டான்." அவர் ஈசிசேரில் சாய்ந்துகொண்டார். "இத்தன வருசமா நான் வரைஞ்சத ஒருத்தரும் பாக்கல அம்சா. என்னத்தான் பாத்திருக்காங்க. மாட்டுன வூட்ல எல்லாம் நாந்தான் தொங்கிக்கிட்டு இருக்கேன். ஒரே ஒருத்தரு, ஒரு படத்த, அது படம்ங்கறதுக்காக வச்சிருந்தாங்கன்னா கூடப் போதும். அப்படி ஒரு ஆளும் கெடையாது."

தேர்தலில் தோற்றபோதுகூட அவர் இப்படிப் பேசியதில்லை. தோற்ற மறுநாள் காலையில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கிளம்பிய மனிதர் அவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. இன்னொன்றும் வந்தது. அவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு பாதியாகக் குறைந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். ரசத்தில் இப்போது மிளகு வாசனை மட்டும்தான் வந்தது, அம்சவள்ளிக்கு அதைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் டிரைவர் செல்லதுரையைக் கூப்பிட்டாள். "வண்டிய எடு. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிட்டு வரேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்."

"எந்தச் சொந்தக்காரங்க அண்ணி?"

"தெரியாது. தேடித்தான் கண்டுபுடிக்கணும்."

விஷயத்தை வண்டியில் சொன்னாள். அண்ணன் படத்தைப் படத்துக்காக வைத்திருக்கிற ஓர் ஆள் வேண்டும், ஒரே ஓர் ஆள். கிடைத்தால் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். செல்லதுரை சிரித்தான். "இதென்ன அண்ணி பெரிய விசயம். ரெண்டு ஜில்லாவுல எத்தன வூட்ல நம்ம படம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒரு பஸ்ஸு ஆளு புடிச்சிரலாம்."

முதலில் வேப்பந்தட்டை. பாவாடை என்று பழைய கட்சிக்காரர், அண்ணன் பேரைச் சொன்னாலே கண் கலங்குகிறவர். படத்தைப் பார்க்கணும் என்றதும் அவர் நேராகச் சாமி அறைக்குக் கூட்டிப் போனார். படம் முருகனுக்குப் பக்கத்தில் இருந்தது. மாலை போட்டு, விளக்கு வைத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் சந்தனம் குங்குமம் அப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மரியாதை செய்திருந்தார்.

"இது என்ன படம் பாவாடை?" என்றாள் அம்சவள்ளி.

"அண்ணன் குடுத்தது அண்ணி."

"அது தெரியும். உள்ள என்ன இருக்கு?"

பாவாடை படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அண்ணனோட கை இருக்கு அண்ணி" என்றார். அவளுக்கு அவரைக் கோபிக்கவும் மனசு வரவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தபோது, சந்தனத்துக்கு அடியில் பச்சையாக ஒரு மலையின் விளிம்பு தெரிந்தது.

அங்கிருந்து செட்டிகுளம். அண்ணன் தலைமையில் கல்யாணம் நடந்த ராசாத்தியின் வீட்டு ஹாலில் நுழைந்ததும் நல்ல தேக்குச் சட்டம் கண்ணில் பட்டது. ஆனால் சட்டத்துக்குள் இருந்தது கல்யாணப் போட்டோ. ராசாங்கம் மாலையை எடுத்துக் கொடுக்க, ராசாத்தி தலை குனிந்து நிற்கிறாள். "படம் எங்கம்மா?" என்று கேட்டால், "உள்ளதான் இருக்கு அத்தை, போட்டோவுக்குப் பின்னாடி. வெங்காயம்தானே வரைஞ்சிருந்தாரு. அத எங்க காட்டுலயே பாத்துக்கறோம். மாமா மொகம் தெரியற மாதிரி இருக்கட்டும்னுதான்" என்றாள். அத்தை வந்த சந்தோஷத்தில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயத்தை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

இன்னும் சில வீடுகள் ஏறி இறங்கினார்கள். ஒரு வீட்டில் படம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. இன்னொரு வீட்டில் அதை வைத்துத்தான் இரண்டு தடவை கவுன்சிலர் சீட்டு வாங்கியதாகப் பெருமையோடு சொன்னார்கள். எல்லா இடத்திலும் பலகாரம் கிடைத்தது, அன்பு கிடைத்தது, தேடிப் போனது மட்டும் கிடைக்கவில்லை. பஸ்ஸு ஆளு பிடிப்பதாகச் சொன்ன செல்லதுரை வாயே திறக்காமல் வண்டி ஓட்டினான்.

மறுநாள் அரியலூர். சக்தி வீடு. சக்தியின் அப்பா அந்தக் காலத்து ஒன்றியச் செயலாளர், காலமாகி ரொம்ப நாளாயிற்று. சக்தியின் கல்யாணத்துக்கு நடுத்தரப் படம் போனது அம்சவள்ளிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் சக்தி இப்போது வேறு கட்சி. வாசலில் வேறு கொடி. அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து உட்கார வைத்தான், படம் என்றதும் தலையைச் சொறிந்தான்.

"கோச்சுக்காதீங்க அண்ணி. இப்ப எங்க ஆளுங்க வந்து போற எடம். யாராச்சும் பாத்தா வேற மாதிரி ஆயிரும்னு... பழைய சாமான் கடையில போட்டுட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க."

இதுவரைக்கும் போதும் என்று அம்சவள்ளிக்குத் தோன்றியது. அவர் சொன்னதுதான் சரி, ஒருத்தரும் இல்லை. பலகையைக் கடையில் போடுகிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து என்ன ஆகப் போகிறது. ஆனால் கடை திரும்புகிற வழியிலேயே இருந்தது. அந்தப் பலகை ஓர் ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தால் எடுத்துக்கொண்டாவது போகலாம் என்று வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. "சுண்ணாம்புக்கல்லு குழி படம்தானே? வந்த அன்னிக்கே போயிருச்சும்மா. ஏலாக்குறிச்சி டீச்சரு ஒருத்தங்க, பழைய புஸ்தகம் பாக்க வருவாங்க. வெயில்ல நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க, எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆரோக்கிய செல்வின்னு பேரு. மாதா கோயில் தெருவுல போயி கேளுங்க."

ரொம்ப நேரம் பாத்தாங்க. அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்சவள்ளி ஏலாக்குறிச்சிக்குப் போனாள்.

தெரு குண்டும் குழியுமாக இருந்ததால் வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். ஆரோக்கிய செல்வி டீச்சர் வாசலில் முந்திரிக் கொட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஆனால் குரலில் இன்னும் வகுப்பு இருந்தது. "யாருங்க, என்ன வேணும்?"

"உங்க வூட்ல ஒரு படம் இருக்குன்னு சொன்னாங்க. கல்லுக் குழி படம். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் அம்சவள்ளி. தான் யாரென்று சொல்லவில்லை. சொன்னால் உடனே படம் மறைந்து முகம் வந்துவிடும் என்று அவளுக்கு இரண்டு நாளில் பாடம் ஆகியிருந்தது. செல்லதுரையிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தாள்.

டீச்சருக்கு அது விசித்திரமாகவே படவில்லை. படத்தைப் பார்க்க ஒருத்தர் வருவதில் என்ன அதிசயம் என்பது போல "வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனாள். மாதா படம் ஒரு சுவரில் இருந்தது. எதிர்ச் சுவரில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, அந்தப் படம். அதன்மேல் பொட்டு இல்லை, மாலை இல்லை, போட்டோ இல்லை. அதற்கு எதிரே ஒரு நாற்காலி மட்டும் போட்டிருந்தது.

"உக்காருங்க. அங்கேருந்து பாத்தாத்தான் நல்லா இருக்கும்" என்றாள் டீச்சர்.

அம்சவள்ளி உட்கார்ந்தாள். வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல் பள்ளம், வெள்ளைச் சுவர், அடியில் மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக நிற்கிறது. கரையில் ஒரு மாடு. தன் கையால் சாண் போட்டு அளந்த படத்தை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

"யாரு வரைஞ்சதுன்னு தெரியுமா டீச்சர்?"

"தெரியாது. கையெழுத்து சட்டத்துக்குள்ள போயிருச்சு. ஆனா நல்ல கை. அந்தத் தண்ணியப் பாருங்க, நாலு மணிக்கு மேல அந்தக் குழியில தண்ணி அப்படித்தான் இருக்கும், எங்க வூட்டுக்காரரு மிக்கேல் அங்க வேலை பாத்தாரு, நானே சாப்பாடு கொண்டு போயிருக்கேன்." டீச்சர் கிட்டே போய் விரலை நீட்டினாள். "ஆனா இங்க ஒரு திருட்டுத்தனம் பண்ணியிருக்காரு மனுசன். குழி ஓரத்துல புல்லு எங்கேருந்துங்க வந்துச்சு? அங்க வெறும் கல்லு. இவரு பாட்டுக்கு முழங்கால் அளவு புல்ல வளத்து வச்சிருக்காரு. ஏன் தெரியுமா? மாட்டுக்குக் காலு வரைய வரல அவருக்கு. மறைச்சிட்டாரு."

அம்சவள்ளி மண்டபத்து ஃபிளக்ஸ்களை நினைத்துப் பார்த்தாள். ஏரிப் படத்தில் மாடு முழங்கால் தண்ணீரில் நின்றது. பருத்திக் காட்டில் செடிக்கு நடுவே நின்றது. வெங்காயக் களத்தில் பட்டறைக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் நீட்டியது. மழையே காணாத பெரம்பலூரில் அவர் மாடுகளுக்கு மட்டும் புல்லுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமே வந்ததில்லை. சட்டசபையையே கட்டிப்போட்ட மனிதர், ஒரு மாட்டின் நான்கு காலை ஐம்பது வருஷமாக ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. டீச்சரும் சேர்ந்து சிரித்தாள்.

"இத வாங்குனது மாட்டுக்காக இல்ல, தண்ணிக்காகவும் இல்ல" என்றாள் டீச்சர், சிரிப்பு அடங்கியதும். "இத பாருங்க, கீழ, இந்த ஓரத்துல."

படத்தின் கீழ் மூலையில், வெள்ளைக் கல் தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. குனிந்து உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் நிழல், அதன்மேல் ஒரு குடையின் நிழல். குடைக்குப் பின்னால், காம்பைப் பிடித்தபடி நிற்கிற இன்னொரு நிழல். கொண்டை போட்ட தலை.

"வரைஞ்சவருக்குப் பின்னாடி ஒரு பொம்பள நிக்கிறா. குடை முழுக்க அவரு பக்கமே சாஞ்சிருக்கு பாருங்க. இவ தல வெயில்ல இருக்கு. அத அந்த மனுசன் பாத்திருக்கான், பாத்து வரைஞ்சும் வச்சிருக்கான். அவ யாரோ, எவளோ. அவளுக்காகத்தான் இத வாங்கிட்டு வந்தேன்."

அம்சவள்ளிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மண்டை பிளக்கிற வெயில். "போதும் எழுந்திரிங்க, எனக்குத் தல சுத்துது" என்று எத்தனை தடவை சொன்னாள். இதோ, இதோ என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதாவது வண்டி வராதா என்று. அவர் என்ன வரைகிறார் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. மனிதர்களையே வரையாத மனிதர் வரைந்த ஒரே ஆள் அவள்தான். அதை அவளே காகிதம் சுற்றி, சணல் கட்டி, நடுத்தரம் என்று சக்தி கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அவள் கண் நிறைந்துவிட்டதைப் பார்த்துச் செல்லதுரைக்குத் தாங்கவில்லை. வாசல்படியில் நின்றபடியே சொல்லிவிட்டான். "டீச்சர், இது எங்க அண்ணன் வரைஞ்ச படம். மந்திரியா இருந்தாரே ராசாங்கம், அவரு. இவங்கதான் அண்ணி."

அம்சவள்ளி அவனைத் திரும்பி முறைத்தாள். கைக்கு வந்தது போயிற்று என்று நினைத்தாள். டீச்சரின் முகம் மாறித்தான் போனது.

"ராசாங்கமா?" என்றாள் மெதுவாக. "இந்தத் தெருவுக்கு ரோடு போடச் சொல்லி அவருக்கு மூணு தடவை மனு குடுத்தேன். ஆவன செய்யப்படும்னு மூணு தடவையும் பதிலு வந்துச்சு. நீங்களே நடந்துதானே வந்தீங்க. ஆயுசுல அவருக்கு நான் ஓட்டுப் போட்டதில்ல, போடவும் மாட்டேன்."

டீச்சர் படத்துக்குப் பக்கத்தில் போனாள். கழற்றப் போகிறாள் என்றுதான் அம்சவள்ளி நினைத்தாள். டீச்சர் சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த தூசியை விரலால் தட்டிவிட்டு, கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

"ரோடு வேற, படம் வேற" என்றாள். "இது இங்கியே இருக்கட்டும். கேட்டாலும் தர மாட்டேன், சொல்லிட்டேன்." பிறகு நிழலைப் பார்த்தாள், அம்சவள்ளியின் கொண்டையைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "உக்காருங்க, காப்பி போடறேன். அவருகிட்ட மாட்டுக் காலப் பத்திச் சொல்லுங்க. ரோட்டப் பத்தியும் சொல்லுங்க."

சாயங்காலம் அம்சவள்ளி வீட்டுக்கு வந்தபோது ராசாங்கம் ஈசிசேரில் அதே பேப்பரோடு இருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவர் எதிரில் வந்து நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஏங்க, உங்க மாட்டுக்கெல்லாம் காலு எங்க போச்சு?" என்றாள்.

ராசாங்கம் பேப்பரைத் தாழ்த்தினார்.

"குழி ஓரத்துல வெறும் கல்லாச்சே. அங்க முழங்கால் அளவு புல்லு எப்படிங்க மொளைச்சிச்சு?"

அவர் முகத்தில் முதலில் திருடன் அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஒரு முழி வந்தது. பிறகு வாய் மெல்ல விரிந்தது. அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது, பேப்பர் மடியிலிருந்து நழுவியது. பிறந்தநாளுக்கு அப்புறம் அவர் சிரித்து அவள் பார்க்கவே இல்லை.

"யாரு கண்டுபுடிச்சது?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரு அம்சா?"

ஏலாக்குறிச்சி டீச்சரைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். ஜன்னல் வெளிச்சம், எதிரில் போட்ட நாற்காலி, நாலு மணித் தண்ணீர், ரோடு வேற படம் வேற, ஓட்டுப் போட மாட்டேன் என்றது. அவர் ஓட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "ஓட்டுப் போடாத ஆளு வூட்ல என் படம்" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். ரோட்டுக்கு அன்றைக்கே யார் யாருக்கோ போன் போட்டார் என்பது வேறு விஷயம்.

"இன்னொண்ணும் கேக்கணும்" என்றாள் அம்சவள்ளி. "அந்தக் குடை நெழலு நாந்தானே?"

"பின்ன எனக்கு வேற யாரு குடை புடிச்சா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிக் காட்டறதுக்கா வரைஞ்சேன்? நீயா பாப்பேன்னு நெனச்சேன். ஹால்ல உன் கண்ணு முன்னாடியே ஒரு மாசம் சாத்தி வச்சிருந்தேன்." அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "நீ வந்த. சாண் போட்ட. நடுத்தரம்னு சொல்லிட்டுப் பேப்பரச் சுத்திட்ட."

"தடுத்திருக்கலாமுல்ல?"

"வெளிய போனா வேற யாராச்சும் பாப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அம்சவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. படத்தைப் பார்க்கிற ஒரே ஓர் ஆளைத் தேடி இரண்டு ஜில்லாவைச் சுற்றியவள், அந்த ஆளாகத் தான்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து அழுதாள். அவர் ஈசிசேரிலிருந்து எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி வுடு அம்சா. டர்பன்டைன் நாத்தத்துல உனக்கு எதத்தான் பாக்கத் தோணும்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்லதுரையைக் கூப்பிட்டாள். பரண் மேலிருந்த சாக்கை இறக்கச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு வெளியே பழைய கல்லுக் குழிக்குப் போனார்கள். கரையில் யாரோ ஒரு மாட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைக் கல், ஒரு புல்கூட இல்லை. ராசாங்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பலகையைச் சாய்த்து வைத்து, மாட்டை வெகுநேரம் முறைத்துப் பார்த்தார். அம்சவள்ளி குடையை விரித்தாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல், பலகை தெரிகிற மாதிரி அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

உடம்பு வந்தது, கொம்பு வந்தது. கால்கள் வந்தபோது அவர் கை தயங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரைந்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே, "எப்படி இருக்கு?" என்றார்.

"பின்னங்கால் ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க" என்றாள் அம்சவள்ளி.

துணியை எடுத்துத் துடைத்தார். மறுபடி வரைந்தார். "இப்ப?"

"இப்பவும் மாடு மாதிரி இல்ல."

"சரி" என்று அவர் மறுபடியும் துடைத்தார். எந்தத் தேர்தலிலும் எந்த வெற்றியிலும் அவர் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை அம்சவள்ளி பார்த்ததில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த கால் எங்கே வரப்போகிறது என்று பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.